நேரும் நிமிர்வும்

பங்குப் பணியில் இருப்போர் ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கும் தாள்களுள் நற்சான்றிதழும் ஒன்று. கல்லூரியில் சேரவும், விடுதியில் இடம் கேட்கவும், வேலைக்கு மனுச் செய்யவும் இளைஞர்கள் அதைக் கேட்டு வருவார்கள். அதற்கென்று வழிவழியாக ஒரு வாசகம் உண்டு. இன்னார் நமக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்தவர் என்று தொடங்கி, அவர் 'ஆனஸ்ட்', 'அப்ரைட்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துக் கையொப்பமிட்டு முத்திரை வைத்தால் வேலை முடிந்தது. அந்த இரண்டாவது சொல்லின் பொருளை நாம் எண்ணிப் பார்த்ததில்லை, ஒரு முதியவர் அதைக் கேட்கும்வரை.

அப்போது நாம் கொல்லிமலை அடிவாரத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். மலைமேல் இருந்த கிளைக் கிராமத்திலிருந்து ஒரு முதியவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பேருந்து எட்டாத காலத்தில் பலாப்பழமும் மிளகும் தலையிலும் தோளிலும் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கிச் சந்தைக்கு வந்து பழகியவர். அந்தச் சுமைகளின் கணக்கு அவர் முதுகில் எழுதியிருந்தது. நின்றாலும் பார்வை தரையிலேயே இருக்கும் அளவுக்குக் கூன்.

சான்றிதழை எழுதி மகனிடம் நீட்டினோம். மகன் அதை உரக்கப் படித்தான். முதியவர் கேட்டார்: "அந்தக் கடைசி வார்த்தைக்கு என்னங்க சாமி அர்த்தம்?"

"நேராக நிமிர்ந்து நிற்பவன் என்று பொருள், பெரியவரே" என்றோம்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப பையனுக்குப் போடுங்க சாமி. எனக்கு அது ஒத்து வராது. மூட்டை தூக்கியே முதுகு வளைஞ்சு போச்சு."

நாமும் சிரித்தோம். ஆனால் அவர் போன பின்பு அந்தச் சொல் நம்மை விட்டுப் போகவில்லை. நிமிர்ந்து நிற்பது என்றால் என்ன? முதுகு வளைந்த ஒருவரை அந்தச் சொல்லால் அழைக்க முடியாதா? அல்லது, அந்தச் சொல்லைத் தாளில் தாராளமாக எழுதிக் கொடுக்கும் நமக்கே அது பொருந்துமா?

சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். 'அப்' என்றால் மேலே. 'ரைட்' என்பதற்கு இன்று சரி, வலம், உரிமை எனப் பல பொருள்கள் இருந்தாலும், அதன் பழைய பொருள் நேர் என்பதே. பள்ளியில் நாம் படித்த செங்கோணத்தின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அந்தப் பழைய பொருள் உயிரோடிருக்கிறது. இலத்தீன் மொழியின் 'ரெக்துஸ்' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு கருத்துகள் கைகோத்து நிற்கின்றன. ஒன்று நேர், மற்றொன்று மேல்நோக்கு. கோணாமல் இருப்பது மட்டும் போதாது, மேல்நோக்கியும் இருக்க வேண்டும் என்கிறது அச்சொல்.

தமிழில் இவ்விரண்டும் தனித்தனிச் சொற்களாகவே நிற்கின்றன. நேர்மை, செம்மை, செவ்வை என்பன கோணாமையைச் சொல்கின்றன. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நல்லாட்சிக்குச் செங்கோன்மை என்றும் தீய ஆட்சிக்குக் கொடுங்கோன்மை என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தார். செங்கோல் நேரான கோல். கொடுங்கோல் வளைந்த கோல். கொடுமை என்னும் சொல்லுக்கே பழம்பொருள் வளைவுதான் என்பதை நினைக்கும்போது, நம் முன்னோர் அறத்தை ஒரு கோட்டின் வடிவமாகவே கண்டார்கள் என்பது விளங்கும். நிமிர்வு என்ற சொல்லோ வேறு வழியில் சென்றுவிட்டது. அது வீரத்தையும் குறிக்கும். சில வேளைகளில் செருக்கையும் குறிக்கும். 'நிமிர்ந்தே நடக்கிறான்' என்று ஊரார் சொன்னால் அது எப்போதும் பாராட்டு என்று கொள்ள முடியாது.

விவிலியத்தை மொழிபெயர்த்தோரும் இந்த இடத்தில் திகைத்திருக்க வேண்டும். யோபு நூலின் முதல் வசனத்தில் அவரைக் குறிக்க எபிரேய மூலம் 'யாஷார்' என்ற சொல்லை ஆள்கிறது. நேரானது, மேடுபள்ளமின்றிச் சமமானது என்பது அதன் பொருள். நல்ல பாதைக்கும் அதே சொல் வரும். ஆங்கிலத்தில் அதனை 'அப்ரைட்' என்றார்கள். சீர்திருத்த சபையார் நெடுங்காலமாக வாசித்துவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'சன்மார்க்கன்' என்றது. நல்வழியில் நடப்பவன் என்பது கருத்து. 1995ஆம் ஆண்டு வெளிவந்த நமது பொது மொழிபெயர்ப்பு 'நேர்மையானவர்' என்றது. மூலம் பாதையை நினைவூட்டுகிறது; ஆங்கிலம் நிற்கும் நிலையை நினைவூட்டுகிறது; தமிழ் முதலில் வழியையும் பின்னர் நேர்மையையும் பற்றிக்கொண்டது. எதுவும் பிழையன்று. ஆனால் மேல்நோக்கு என்னும் பகுதி ஆங்கிலச் சொல்லில் மட்டுமே வெளிப்படையாக நிற்கிறது.

இந்தப் பகுதி அவ்வளவு முக்கியமானதா? நேர் மட்டும் போதாதா? இந்தக் கேள்விக்குக் கொல்லிமலையே விடை வைத்திருக்கிறது.

சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. இன்றும் செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடிப் பெருக்கையொட்டி விழாவும் எடுக்கிறார்கள். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அம்பைப் போல் நேரான பொருள் உலகில் உண்டா? ஆனால் அந்த நேர் எதைச் செய்தது? வழியில் நின்ற உயிர்களையெல்லாம் துளைத்துச் சென்றது.

வள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் அம்பையும் யாழையும் அருகருகே வைக்கிறார். வடிவில் நேரான அம்பு செயலால் கொடியதாகிறது. வளைந்த தண்டுடைய யாழோ செயலால் செம்மையானதாகிறது. கோட்டைக் குறித்த சொற்களையே இடம் மாற்றி வைத்து, மனிதரை வடிவத்தால் அளவாதீர், செயலால் அளவுங்கள் என்று நமக்கு உணர்த்துகிறார். துறவிக் கோலம் பூண்டவர்களைப் பற்றிய அதிகாரத்தில் இது வருகிறது என்பதை அங்கி அணிந்த நம்மைப் போன்றோர் மறந்துவிடலாகாது.

அம்பு நேரானது, ஆனால் நிமிர்ந்து நிற்பதன்று. அது கிடைமட்டமாகப் பாய்கிறது. அதன் குறி எப்போதும் எதிரே நிற்கும் உயிர். மேல்நோக்கு இல்லாத நேர்மையின் இயல்பும் இதுவே. அது பிறரைக் குறியாக வைத்தே தன்னை நிறுவுகிறது. நற்செய்தியாளர் லூக்கா எழுதியுள்ள பரிசேயர், வரிதண்டுபவர் உவமையை நினைவுகொள்வோம். கோவிலில் நிமிர்ந்து நின்றவர் பரிசேயர். அவர் சொன்னவை பொய்யல்ல. நோன்பும் காணிக்கையும் உண்மையே. ஆனால் அவர் கடவுள் முன் நின்றுகொண்டு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். வரிதண்டுபவரோ கண்களை உயர்த்தவும் துணியாமல் தொலைவில் நின்றார். கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியவர் தலைகுனிந்து நின்றவரே. நிமிர்ந்தவர் கோணலாகப் போனார், குனிந்தவர் நேரானார்.

அதே லூக்கா மற்றொரு நிகழ்ச்சியையும் எழுதுகிறார். தொழுகைக்கூடம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கூன் விழுந்து, சிறிதும் நிமிர முடியாத ஒரு பெண். அவர் உதவி கேட்டதாக நூலில் இல்லை. இயேசுவே அவரைக் கண்டு, அழைத்து, கைகளை அவர்மீது வைத்தார். உடனே அவர் நிமிர்ந்து கடவுளைப் போற்றினார். இங்கே மூலமாகிய கிரேக்கத்தில் வரும் வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் மொத்தம் மூன்றே இடங்களில் வருகிறது. மற்ற இரண்டில் ஒன்று விழுந்துபோன தாவீதின் கூடாரத்தை மீண்டும் எழுப்புவதைப் பற்றியது. இன்னொன்று தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் திடப்படுத்துவதைப் பற்றியது. மூன்றிலும் பொருள் ஒன்றே. விழுந்ததை, வளைந்ததை, தளர்ந்ததை மறுபடி நிற்கச் செய்தல்.

அந்தக் காட்சியில் கோபம் கொண்டவர் ஒருவர் இருந்தார், தொழுகைக்கூடத் தலைவர். ஓய்வுநாளில் குணமாக்கலாகாது என்பது அவர் வாதம். விதியைப் பொறுத்தவரை அவர் நேரானவர்தான். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் தரையையே பார்த்துவந்த ஒரு பெண் முதன்முறையாக மனிதர்களின் முகங்களைப் பார்த்த அந்த நொடியில் மகிழ முடியாத அளவுக்கு அவர் உள்ளம் எங்கோ வளைந்து போயிருந்தது.

இதைத்தான் புனித பெர்நார்து (1090–1153), இனிமைமிகு பாடல் பற்றிய தம் மறையுரைகளுள் ஒன்றில் எடுத்துக்கொள்கிறார். கடவுள் மனிதனை நேரியவனாகப் படைத்தார் என்னும் சபை உரையாளரின் கருத்தை அடியொற்றி, நிமிர்ந்த உடலுக்குள் வளைந்த ஆன்மா குடியிருப்பது எவ்வளவு பொருந்தாதது என்று அவர் வியக்கிறார். விலங்குகளைப் போலன்றி விண்ணை நோக்கி நிற்கும் உடலே நம் ஆன்மாவுக்கு ஒரு கண்டனம் என்பது அவர் கருத்து. அவருக்கு முன் வாழ்ந்த புனித ஆன்செல்ம், 'உண்மை பற்றி' என்ற நூலில், நீதி என்பது விருப்பத்தின் நேர்மை, அதுவும் அந்நேர்மையின் பொருட்டே காக்கப்படுகின்ற நேர்மை என்று வரையறுத்தார். பாராட்டுக்காக நேராக இருப்பவன் பாராட்டு நின்றதும் சாய்வான்; அச்சத்துக்காக நேராக இருப்பவன் காவலர் போனதும் சாய்வான். குருமடத்தில் இவ்வரையறையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். மலையில் சுவர் எழுப்புவதைப் பார்த்தபோதுதான் அது நமக்கு விளங்கியது.

மலைச்சரிவில் ஒரு சிற்றாலயம் கட்ட முற்பட்டோம். கொத்தனார் தம் தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுவரை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சரிவான நிலத்தில் சுவரை நிலத்துக்குச் செங்கோணமாக எழுப்பினால் என்ன ஆகும்? பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து விழும். சுற்றியிருந்த மரங்களைக் காட்டினார். சரிவில் முளைத்த எந்த மரமும் சரிவுக்குச் செங்குத்தாக வளர்வதில்லை. நிலம் எப்படிச் சாய்ந்திருந்தாலும் மரம் வானத்தை நோக்கியே எழுகிறது. "நெலத்த நம்பிச் சொவரு வைக்கக் கூடாதுங்க சாமி, குண்டத்தான் நம்பணும்" என்றார் அவர்.

நாம் வாழும் சமூகமும் ஒரு சரிவான நிலமே. கையூட்டு வழக்கமாகிவிட்ட அலுவலகத்தில் வாங்காதவன்தான் கோணலாகத் தெரிவான். எல்லாரும் எடை குறைக்கும் சந்தையில் சரியாக நிறுப்பவன்தான் பிழைக்கத் தெரியாதவன். நிலத்தை அளவுகோலாகக் கொண்டால் சாய்ந்து நிற்பதே நேராகத் தெரியும். இறைவாக்கினர் ஆமோஸ் கண்ட காட்சியில், ஆண்டவர் கையில் தூக்குநூலோடு ஒரு மதிலருகே நிற்கிறார். மதில் அண்டை நாட்டு மதிலோடு ஒப்பிடப்படவில்லை, நூலோடு ஒப்பிடப்பட்டது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரை மேலே எழுப்ப உதவும் அந்தக் குண்டு கீழ்நோக்கித்தான் தொங்குகிறது. தன் கனத்தால் தாழ்ந்து நிற்பதே உயர்வுக்கு அளவாகிறது. தாழ்மையை அறியாத நிமிர்வு அளவு தவறியது என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா?

அப்படியானால் வளைவே கூடாதா? காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை அறிவோம். நேராகப் போட்டிருந்தால் எந்த வண்டியும் அதில் ஏறியிருக்காது. வளைவு வேறு, கோணல் வேறு. சுமையின் பொருட்டும் பிறரை ஏற்றிச் செல்லும் பொருட்டும் வளைவது ஒன்று. கடமையிலிருந்து நழுவும்பொருட்டு வளைவது மற்றொன்று. முன்னது ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது உயர்கிறது. பின்னது ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிது இறங்குகிறது.

இந்த மலை அத்தகைய ஒரு வளைந்த நிமிர்வைக் கண்ணாரக் கண்டிருக்கிறது. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்டும் அவர் துணைவியார் எவிலினும் 1913ஆம் ஆண்டு மணமுடித்து இம்மலையில் குடியேறினார்கள். மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், விவசாயம் கற்பித்தார்கள். 1929இல் ஜெசி கருநீர்க் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். பிற்காலத்தில், ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது என்று மிஷன் சொன்ன பின்பும், எழுபதை நெருங்கிய வயதில் எவிலின் அம்மையார் தம் பொறுப்பில் மீண்டும் மலையேறினார். குதிரையில் சென்று விழுந்தார், எலும்புகள் முறிந்தன. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். 1974இல் தமது 95ஆம் வயதில் இறக்கும்வரை அவர் நோக்கம் மாறவில்லை. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும், பிரிந்திருக்கும் சகோதரரிடம் காணும் கிறிஸ்துவின் செல்வங்களை மகிழ்வோடு ஏற்றுப் போற்றுங்கள் என்று 1964ஆம் ஆண்டின் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆணையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. உடலால் வளைந்த அந்த அம்மையாரை நிமிர்ந்தவர் என்று அழைக்க எந்த அகராதி தடை சொல்லும்?

அவர் மகன் பால் பிராண்டு. இம்மலையில் வளர்ந்த சிறுவன். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு மருத்துவராகப் பணியாற்றியவர். தொழுநோயால் நகம்போல் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். அந்த மருத்துவத் துறையின் ஆங்கிலப் பெயரே நேர் என்னும் கிரேக்கச் சொல்லில் தொடங்குகிறது. 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி அப்பெயரை உருவாக்கித் தம் நூலில் ஒரு படமும் சேர்த்தார். கோணலாக வளர்ந்த இளமரம் ஒன்று, நேரான ஒரு முளைக்கம்போடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும் படம் அது. இன்றும் அத்துறையின் சின்னம் அதுவே.

பால் பிராண்டு ஒரு கசப்பான பாடத்தையும் கற்றார். விரல்கள் நிமிர்ந்து வீடு திரும்பிய சிலர் மீண்டும் அவரிடமே வந்தார்கள். பழைய தழும்புகளைக் கண்டவர்கள் வேலை தரவில்லை. மடங்கிய கை இல்லாததால் பிச்சையும் கிடைக்கவில்லை. நிமிர்த்தினால் மட்டும் போதாது என்று உணர்ந்து, அவர்கள் தங்கி மரவேலை போன்ற தொழில் கற்க வேலூரில் ஓர் இல்லத்தை ஏற்படுத்தினார். நிமிர்த்தியவர் உடன் நிற்கவும் வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

இந்த உண்மையை நாம் காணாத ஒரு நாளைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

முதியவர் சிரித்துவிட்டுப் போன அதே மாதத்தில், அவர் ஊரைச் சேர்ந்த இன்னோர் இளைஞன் நற்சான்றிதழ் கேட்டு வந்தான். தாய் தந்தை இல்லாதவன். முந்தைய ஆண்டுத் திருவிழா வசூலில் முந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும் பிடிபட்டவன். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனாலும் அந்தச் சொல்லை அவன் பெயரருகே எப்படி எழுதுவது? முடியாது என்றோம். காரணத்தையும் சொன்னோம். அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். உண்மைக்கு உண்மையாக நின்றோம் என்ற நிறைவு நமக்கு.

அடுத்த வாரம் முதியவர் மீண்டும் இறங்கி வந்தார். இம்முறை சிரிக்கவில்லை.

"பொய் எழுதணும்னு நான் கேக்கல சாமி. நெசமாவே எழுதுறாப்புல அவன ஆக்கிவுடுங்கன்னு கேக்கறேன். எங்க தோட்டத்துல மிளகுக்கொடி தானா நிக்காது. நிக்கிற மரத்தோட சேத்து வாழைநாருல கட்டிவுட்டா, அதுவா வேரு புடிச்சு மேல ஏறும். நீங்க நல்ல மரங்க சாமி, நேரா இருக்கீங்க. ஆனா கொடி வந்தா ஒதறிவுடறீங்க."

நமக்குக் கோபம் வந்தது. ஆலயத்தில் வேலை எதுவும் இல்லை, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் அதற்குமேல் வாதாடவில்லை. அந்த இளைஞனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணி சார்த்தி மிளகு பறிக்கக் கற்றுக்கொடுத்தார். சந்தைக்கு மிளகை அவனிடமே கொடுத்தனுப்பி, பணத்தையும் அவனையே வாங்கி வரச் செய்தார். திருடியவன் கையில் பணப்பையைக் கொடுக்கிறாரே என்று ஊர் பேசியது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் அவனை நம்மிடம் அழைத்து வந்து, "இப்ப எழுதலாமுங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார். எழுதினோம். அந்தச் சொல்லை அதுவரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அதன் பொருளை அறிந்து எழுதியது அன்றுதான்.

நாம் பொய்ச் சான்று எழுத மறுத்தது தவறா? இல்லை. இன்றும் மறுப்போம். தவறு மறுத்ததில் இல்லை. மறுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று கதவைச் சாத்தியதில் இருக்கிறது. உண்மையா, இரக்கமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதாக நாம் எண்ணினோம். எழுதப் படிக்கத் தெரியாத அம்முதியவர் மூன்றாவது ஒரு வழியைக் கண்டார். உண்மையை வளைக்காமல், வளைந்தவனை உண்மைக்கு உயர்த்துவது. அதற்கு விலை உண்டு. அந்த விலையை அவர் தம் வீட்டிலிருந்தும் தம் மிளகிலிருந்தும் ஊராரின் ஏளனத்திலிருந்தும் கொடுத்தார். நமக்கோ ஒரு கையொப்பத்தை மறுப்பது எளிதாக இருந்தது. எவ்விதச் செலவும் இல்லாத நேர்மையைப் பற்றி நாம் சற்று ஐயம் கொள்வதே நல்லது.

சில ஆண்டுகள் கழித்து முதியவர் இறந்தார். அடக்கத் திருப்பலிக்கு மலைக்குச் சென்றோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவந்த அந்த இளைஞன் இரவோடிரவாக வந்து சேர்ந்திருந்தான். பெட்டியில் உடலைக் கிடத்தும்போது ஒரு சிரமம் ஏற்பட்டது. கூன் விழுந்த முதுகு பலகையில் படியவில்லை. தலை தூக்கி நின்றது. அவனே வைக்கோலை மடித்து, ஒரு பழைய வேட்டியில் சுற்றித் தலைக்கும் தோளுக்கும் அணையாக வைத்தான். வாழ்நாளெல்லாம் தரையைப் பார்த்த அந்த முகம் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

பின்னொரு நாள் பழைய அகராதி ஒன்றில் அந்த ஆங்கிலச் சொல்லைத் தேடியபோது, இன்று வழக்கிழந்துபோன ஒரு பொருளைக் கண்டோம். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் போன்ற கவிஞர்கள் அச்சொல்லை மல்லாந்து கிடப்பதற்கும் வழங்கியிருக்கிறார்கள். முகம் மேல்நோக்கி இருந்தால், கிடந்தாலும் அது நிமிர்வே என்று அக்காலத்தார் கருதினார்கள் போலும். அதைப் படித்தபோது வைக்கோல் அணைமேல் இருந்த அந்த முகம் நம் முன் வந்து நின்றது. தமக்கு ஒத்து வராது என்று அவர் சிரித்து ஒதுக்கிய சொல், அவர் அறியாமலே அவருக்காகக் காத்திருந்திருக்கிறது.

கடவுள் முன் நாம் அனைவரும் ஒரு நாள் சான்றிதழுக்காக நிற்க வேண்டியவர்கள். அப்போது, நீ எவ்வளவு நேராக நின்றாய் என்பதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடாது என்றே நம்புகிறோம். உன்னைப் பற்றிக்கொண்டு எத்தனை பேர் மேலே ஏறினார்கள் என்றும் கேட்கப்படும். நம் குடும்பங்களில், பள்ளிகளில், பங்குகளில் யாருடைய பெயரருகே அந்தச் சொல்லை எழுத மறுத்திருக்கிறோம் என்று இன்றிரவு எண்ணிப் பார்ப்போம். பொய் எழுத வேண்டாம். மெய்யாக எழுதும்படி அவர்களை நிமிர்த்தும் வேலையை நாளைக் காலையிலிருந்து தொடங்குவோம். பதினெட்டு ஆண்டுகள் கூனியிருந்த பெண்ணின்மீது கை வைத்தவர் நம் கைகளையும் அதற்குப் பயன்படுத்துவாராக.